ஜாங்கோவின் அடுத்த பதிப்பில் என்னென்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக ஜாங்கோவில்தான், அதாவது பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பில்தான், என் வேலை ஓடுகிறது. பைத்தானில் வலைத்தளம் கட்டுபவர்கள் ஒன்றுகூடினால் "அடுத்த பதிப்பில் உனக்கு என்ன வேணும்" என்ற பேச்சு வராமல் இருக்காது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது முழுக்க என் ஆசைப் பட்டியல், உங்களுடையது வேறு மாதிரி இருக்கலாம்.

எந்தப் பதிப்பை மனதில் வைத்துச் சொல்கிறீர்கள்?

6.0 வந்தது 2025 டிசம்பரில். ஜாங்கோவில் ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய வசதிகளோடு ஒரு பதிப்பு வரும். டிசம்பரில் பூஜ்ஜியம், அடுத்த ஆகஸ்டில் ஒன்று, அதற்கடுத்த ஏப்ரலில் இரண்டு. இரண்டில் முடிவதுதான் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதற்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். பல குழுக்கள் நடுவில் வருவதை விட்டுவிட்டு 4.2, 5.2, அப்புறம் 6.2 என்று தாவித்தான் போகின்றன. அதனால் 6.2க்குள் எது வந்து சேர்கிறதோ அதோடுதான் பெரும்பாலானவர்கள் வருடக்கணக்கில் குடும்பம் நடத்தப் போகிறார்கள். நான் கேட்பதெல்லாம் அந்த 6.2க்குள் வரவேண்டும் என்பதுதான்.

ஒரே ஒரு விஷயம்தான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

ஏசிங்க் வேலையை முடித்துக் கொடுங்கள் என்று கேட்பேன். ஒன்றின் விடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் சர்வர் வேறு வேலையைப் பார்ப்பது ஏசிங்க், ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுவது சிங்க். புதிதாக எதுவும் ஆரம்பிக்கக்கூட வேண்டாம், ஆரம்பித்ததை முடித்தால் போதும்.

3.0இல், அதாவது 2019 டிசம்பரில், ஏஎஸ்ஜிஐ (ஏசிங்க் முறையில் சர்வரோடு பேசும் இடைமுகம்) ஆதரவு வந்தது. 2020 ஆகஸ்டில் 3.1 வந்தபோது ஏசிங்க் வியூ (வரும் கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் செயல்) எழுத முடிந்தது. 2022இல் 4.1 வந்தபோது ஓஆர்எம் (டேட்டாபேஸைப் பைத்தான் வழியாகவே கையாளும் பகுதி) பக்கம் ஏகெட், ஏகவுன்ட் என்று முன்னால் ஒரு "ஏ" போட்ட செயல்கள் வந்தன, 4.2இல் மாடலுக்கும் (ஒரு டேபிளைக் குறிக்கும் பைத்தான் வகுப்பு) ஏசேவ் வந்தது. பார்த்தால் எல்லாம் இருக்கிறது போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அந்த "ஏ" செயல்கள் பழைய சிங்க் செயலையே ஒரு த்ரெட்டில் (நிரல் ஓடும் தனி இழையில்) ஓடவிட்டு அதன் விடைக்காகக் காத்திருக்கின்றன. டேட்டாபேஸோடு பேசும் அடித்தளம் இன்னும் பழையபடியேதான் இருக்கிறது. இத்தனைக்கும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கான சைகாப்ஜி 3 டிரைவருக்கு ஏசிங்க் இணைப்பு வைத்துக்கொள்ளத் தெரியும், அந்த டிரைவரை 4.2இலிருந்தே ஜாங்கோ ஆதரிக்கிறது. அந்த ஏசிங்க் பாதியை மட்டும் இன்னும் பயன்படுத்தவில்லை.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு வியூவுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று குவெரிகள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) இருக்கின்றன, மூன்றையும் கேதர் (பல ஏசிங்க் வேலைகளைச் சேர்த்து ஓட்டும் பைத்தான் செயல்) போட்டு ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று நினைத்து எழுதுகிறீர்கள். எழுதியது சரிதான், ஓடவும் செய்யும். ஆனால் ஒரே கோரிக்கைக்குள் வரும் சிங்க் வேலைகள் எல்லாம் ஒரே த்ரெட்டுக்குப் போவதால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பக்கம் ஏன் ஒரு மில்லிவினாடிகூட வேகமாகவில்லை என்று லாகை வரிவரியாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அதைவிடப் பெரிய குறை டிரான்சாக்ஷன், அதாவது சில மாற்றங்கள் நடந்தால் மொத்தமாக நடக்கட்டும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்ற ஏற்பாடு. அதற்கான ஜாங்கோ வசதியான அடாமிக் ஏசிங்க் வியூவுக்குள் வேலை செய்யாது. டிரான்சாக்ஷன் வேண்டுமென்றால் அந்தப் பகுதியைத் தனி சிங்க் செயலாக எழுதி, சிங்க்-டு-ஏசிங்க் வழியாகக் கூப்பிடுங்கள் என்றுதான் ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. பணம் ஒரு கணக்கில் குறைந்து இன்னொன்றில் ஏற வேண்டிய இடத்தில் டிரான்சாக்ஷன் இல்லாமல் யாரால் நிம்மதியாக நிரல் எழுத முடியும்? அப்படிப்பட்ட இடம் எல்லா ப்ராஜெக்டிலும் இரண்டு மூன்றாவது இருக்கும். ஆக ஏசிங்க் அடாமிக்கும் உண்மையான ஏசிங்க் இணைப்பும், இந்த இரண்டு மட்டும் வந்தால்கூட மீதிப் பட்டியலை அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போட எனக்குச் சம்மதம்.

எல்லாருக்கும் ஏசிங்க் தேவையா என்ன?

இல்லை. படிவம் நிரப்பு, சேமி, பட்டியல் காட்டு என்று போகும் தளத்துக்கு சிங்க் வியூ அருமையாகப் போதும், அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. வெளி ஏபிஐகளை (பிற நிரல்கள் தரும் சேவை வாசல்களை) கூப்பிட்டுக் காத்திருக்கும் வேலை, மொழி மாதிரியின் விடையைச் சொல்சொல்லாக உலாவிக்கு அனுப்பும் வேலை, நீண்டநேரம் திறந்தே இருக்கும் இணைப்பு, இவைதான் ஏசிங்க்கின் இடம். அந்த மாதிரி வேலைகள் இப்போது அதிகமாகிவிட்டன, அதனால்தான் முதலிடம் கொடுக்கிறேன்.

பின்னணி வேலைக்கான டாஸ்க் வசதி 6.0இலேயே வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஒரு செயலின் தலையில் டாஸ்க் என்று குறித்துவிட்டு என்கியூ (வரிசையில் சேர்) என்று கூப்பிடலாம். மின்னஞ்சல் அனுப்புவது, படத்தைச் சிறிதாக்குவது, அறிக்கை தயாரிப்பது எல்லாவற்றுக்கும் இனி ஒரே எழுத்துமுறை. தொகுப்பு எழுதுபவர்களுக்கு இது பெரிய விடுதலை, பயனர் பின்னணி வேலைக்கு செலரி வைத்திருக்கிறாரா ஆர்கியூ வைத்திருக்கிறாரா என்று யோசிக்காமல் எழுதலாம்.

ஆனால் கூடவே வரும் பேக்என்ட் (வேலையை வாங்கி என்ன செய்வது என்று பார்க்கும் பகுதி) இரண்டுதான். ஒன்று வேலையை அப்போதே அங்கேயே செய்துவிடும், இன்னொன்று செய்யாமல் குறித்து மட்டும் வைக்கும், சோதனைக்கு உதவும். வரிசையிலிருந்து வேலையை எடுத்து ஓட்டும் வொர்க்கர் ஜாங்கோவுக்குள் இல்லை, அதற்கு வெளித் தொகுப்புக்குத்தான் போக வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் பாடத்தைப் படித்து, டாஸ்க் எழுதி, என்கியூ செய்து பார்க்கும்போது பக்கம் அப்படியே பத்து வினாடி நின்றால் அவர் என்ன நினைப்பார்?

டேட்டாபேஸையே வரிசையாக வைத்துக்கொள்ளும் ஒரு பேக்என்ட், மேனேஜ்-டாட்-பை வழியாக ஓடும் ஒரு எளிய வொர்க்கர், இவை பெட்டிக்குள்ளேயே வரவேண்டும். ரூபி மொழியின் வலைக் கருவியான ரயில்ஸ் 8 வந்த 2024 நவம்பரிலிருந்து புதிய ரயில்ஸ் செயலிகளுக்கு டேட்டாபேஸை வைத்து ஓடும் சாலிட் கியூதான் இயல்பாக வருகிறது. பிஎச்பி மொழியின் லாராவெல்லிலும் டேட்டாபேஸ் வரிசை நெடுநாளாக உண்டு. பூட்டிய வரிகளைத் தாண்டிப் போய் அடுத்ததை எடுக்கும் வசதி, அதாவது செலக்ட் ஃபார் அப்டேட்டில் ஸ்கிப் லாக்ட், ஜாங்கோவின் ஓஆர்எம்மில் 1.11இலிருந்தே இருக்கிறது. வொர்க்கருக்கு வேண்டிய கல்லும் மண்ணும் கையிலேயே இருக்கின்றன. தோற்ற வேலையை எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் மறுபடி முயல்வது என்பதற்கும் ஒரு பொதுவான வழி சேர்த்தால் சின்ன, நடுத்தரத் தளங்களுக்கு ரெடிஸ் (வேலை வரிசையை வைத்திருக்கும் சர்வர்) தனியாக நிறுவும் வேலையே இருக்காது.

கூட்டு முதன்மைச் சாவி வந்த கதை என்ன? எல்லாரும் அதையே சொல்கிறார்களே?

ஒரு டேபிளுக்கு இரண்டு மூன்று நெடுவரிசை சேர்ந்து முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டுவதாக) இருப்பது டேட்டாபேஸ் உலகில் சாதாரண விஷயம். ஜாங்கோவில் அது வேண்டும் என்று கேட்ட டிக்கெட்டின் எண் 373, பதிவானது 2005இல், ஜாங்கோ பொதுவெளிக்கு வந்த அதே வருடம். வசதி வெளியானது 2025 ஏப்ரலில் வந்த 5.2இல். இருபது வருடம்! நடுவில் எத்தனையோ பேர் முயன்று பார்த்து விட்டுவிட்டுப் போனார்கள், கடைசியில் முடித்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும்.

அதுவும் முழுதாக முடியவில்லை என்பதுதான் என் கவலை. கூட்டுச் சாவி உள்ள மாடலை அட்மினில் (தகவலைப் பார்த்துத் திருத்த ஜாங்கோவே தரும் பக்கங்களில்) பதிவு செய்ய முடியாது. இன்னொரு மாடலிலிருந்து அதற்கு ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) போட முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேபிளின் ஒற்றைச் சாவியைக் கூட்டுச் சாவியாக மாற்ற மைக்ரேஷனும் (மாடலில் செய்த மாற்றத்தை டேட்டாபேஸில் செய்யும் கோப்பு) உதவாது. பழைய டேட்டாபேஸ் ஒன்றை ஜாங்கோவோடு இணைக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை, அவர்களுக்கு முதலில் வேண்டியதே அட்மினும் ஃபாரின் கீயும்தான். இந்த இரண்டும் என் பட்டியலில் மூன்றாவது இடம்.

என் பிளஸ் ஒன் குவெரித் தொல்லைக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நூறு கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பெயரைக் காட்டினால், கட்டுரைப் பட்டியலுக்கு ஒரு குவெரியும் ஆசிரியர்களுக்கு நூறு குவெரியுமாக மொத்தம் 101 போகும். செலக்ட் ரிலேட்டட், பிரீஃபெட்ச் ரிலேட்டட் போட்டு ஆசிரியர்களையும் முன்கூட்டியே எடுத்தால் சரியாகிவிடும். போட மறப்பதுதான் பிரச்சினை, மறக்காத ஆள் எங்கும் இல்லை.

இதற்கு ஃபெட்ச் மோட் என்று ஒன்று 6.1க்கான மேம்பாட்டுக் கிளையில் சேர்ந்துவிட்டது. ஒரு கட்டுரையில் ஆசிரியரைத் தொட்டால், அதே குவெரியில் வந்த மற்ற எல்லாக் கட்டுரைகளுக்குமான ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் எடுத்து வந்துவிடும் வகை ஒன்று. இப்படித் தொட்டாலே பிழை எறியும் வகை இன்னொன்று. பழையபடி ஒவ்வொன்றாக எடுப்பதும் இருக்கிறது, அதுதான் இயல்புநிலை.

நான் கேட்பது அதற்கு அடுத்த படி. செட்டிங்ஸில் ஒரே வரி எழுதி ப்ராஜெக்ட் முழுக்க இயல்புநிலையை மாற்ற வழி வேண்டும், புதிதாக ஆரம்பிக்கும் ப்ராஜெக்டில் அந்த வரி முன்கூட்டியே இருக்க வேண்டும். பழைய நிரல் எதுவும் உடையாது, புதியவர்கள் இந்தத் தொல்லை இருப்பதே தெரியாமல் வளர்வார்கள்.

அதே கிளையில் சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாய் வரி அழிந்தால் சேய் வரிகளை அழிக்கும் வேலையை இத்தனை நாள் ஜாங்கோவே பைத்தானில் செய்துவந்தது, இனி அதை டேட்டாபேஸிடமே ஒப்படைக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் கிடந்த கோரிக்கை. லட்சக்கணக்கில் சேய் வரிகள் உள்ள ஒன்றை அழிக்கப் போய் சர்வரின் நினைவகம் நிரம்பி விழுந்த இரவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டெம்ப்ளேட் பக்கம் என்ன வேண்டும்?

6.0இல் பார்ஷியல் வந்தது நல்ல விஷயம், ஒரே கோப்புக்குள் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்து அதை மட்டும் தனியாக ரெண்டர் செய்யலாம். எச்டிஎம்எக்ஸ் (பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் மாற்றும் கருவி) பயன்படுத்துபவர்களுக்குக் கை ஒடிந்தது போன்ற வேலை இத்தனை நாள், இப்போது தீர்ந்தது.

எனக்கு வேண்டியது வேறு. டெம்ப்ளேட்டில் இல்லாத மாறியின் பெயரை எழுதினால் ஜாங்கோ ஒரு வார்த்தை சொல்லாது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். இஃப்புக்குள் எழுதினால் அதை மதிப்பே இல்லாதது (None) என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். முன்பு நான் இருந்த ஒரு குழுவில் யாரோ மாடல் ஃபீல்டின் பெயரை மாற்றினார்கள், டெம்ப்ளேட்டில் மாற்ற மறந்துவிட்டார்கள். "இந்த வாடிக்கையாளருக்கு வரிவிலக்கு உண்டா" என்று பார்க்கும் இஃப் அன்று முதல் எப்போதும் இல்லை என்றே சொன்னது. சோதனைகள் எல்லாம் பச்சை. பக்கம் அழகாகத் திறந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தன் ரசீதைக் கூட்டிப் பார்த்து எழுதிய பிறகுதான் தெரிந்தது. பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்திருந்தால் அன்றைக்கே ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

ஸ்ட்ரிங் இஃப் இன்வேலிட் என்ற செட்டிங் இருக்கிறதே என்பீர்கள். அது வெறுமைக்குப் பதில் வேறொரு சரத்தைக் காட்டும், பிழை எறியாது. இஃப்புக்குள் உதவாது. போதாததற்கு அட்மின் உள்பட பல டெம்ப்ளேட்டுகள் இந்த மௌனத்தை நம்பியே எழுதப்பட்டவை, அதனால் அந்த செட்டிங்கைப் போட்டால் அவை குழம்பும். ஜின்ஜா 2இல் கண்டிப்பான முறை ஒன்று இருக்கிறது, இல்லாத மாறியைத் தொட்டால் உடனே பிழை. ஜாங்கோவின் சொந்த டெம்ப்ளேட் மொழிக்கும் அதே வேண்டும், ஒவ்வொரு டெம்ப்ளேட் கோப்புறைக்கும் தனித்தனியாக இயக்கும்படி இருந்தால் அட்மினுக்கும் தொந்தரவில்லை. இதற்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பேன்.

பயனர் மாடலைப் பற்றி ஏன் இவ்வளவு ஆதங்கம்?

புதிய ப்ராஜெக்ட் ஆரம்பித்தால் முதல் வேலையாக சொந்த யூசர் மாடல் வையுங்கள், இயல்பாக வருவது போதும் என்று தோன்றினாலும் வையுங்கள் என்று ஆவணம் அழுத்திச் சொல்கிறது. நடுவழியில் மாற்றுவது மிகக் கடினம் என்றும் சொல்கிறது. சொந்த யூசர் மாடல் வைக்கும் வழி 1.5 வந்த 2013இலிருந்தே இருக்கிறது. இவ்வளவு முக்கியமான அறிவுரை என்றால் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளையே அதைச் செய்து தரலாமே? கட்டளை பழையபடியேதான் ப்ராஜெக்டை உருவாக்குகிறது. ஆவணத்தின் அந்தப் பத்தியைப் படிக்காமல் முதல் மைக்ரேட் ஓட்டியவர்கள் இரண்டு வருடம் கழித்து வந்து நிற்கிறார்கள், அப்போது யூசருக்கு ஃபாரின் கீ போட்ட டேபிள் நாற்பது இருக்கும்.

இயல்பான மாடலின் உள்ளடக்கமும் பழசு. மின்னஞ்சல் தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயனர்பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாடலுக்கு வேறு வேறு, அதனால் படிவம் தடுக்காவிட்டால் ஒரே ஆள் இரண்டு கணக்கு திறந்துவிட முடியும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், குடும்பப் பெயரே இல்லாத மக்கள் உலகில் ஏராளமாக இருக்கும்போது. மின்னஞ்சலால் நுழையும், ஒரே ஒரு முழுப்பெயர்க் கட்டம் உள்ள ஒரு மாடலை ஜாங்கோவே தந்து, ஸ்டார்ட்ப்ராஜெக்டில் அதை வைத்துவிட வேண்டும். பழைய மாடல் பழைய ப்ராஜெக்டுகளுக்கு அப்படியே இருக்கட்டும்.

ஏற்கெனவே தவறான மாடலோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு?

அவர்களுக்கு ஒரு மாற்றுக் கட்டளை வேண்டும். இப்போது கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது: அதே டேபிள் பெயரில் சொந்த மாடல் எழுதி, மைக்ரேஷன் வரலாற்றை டேட்டாபேஸில் திருத்தி, கன்டென்ட் டைப் (எந்தெந்த மாடல்கள் உண்டு என்று ஜாங்கோ வைத்திருக்கும் டேபிள்) வரிகளைச் சரிசெய்து... ஒரு இடத்தில் சறுக்கினாலும் மொத்தமும் போச்சு. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டு முறையும் முழு பேக்கப் எடுத்துவிட்டு நடுராத்திரியில்தான்.

ஏபிஐ எழுத உதவும் டிஆர்எஃப்பை (ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்) ஜாங்கோவுக்குள் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். ஏபிஐ எழுத ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் ஒரு வழி, ஜாங்கோ நிஞ்சா இன்னொரு வழி, இரண்டுக்கும் ரசனை வேறு. ஒன்றை உள்ளே இழுத்தால் மற்றது வாடிப்போகும்.

ஆனால் கோரிக்கைப் பொருளை மட்டும் இந்தக் காலத்துக்குக் கொண்டு வாருங்கள். உலாவி ஜேசன் வடிவில் தகவல் அனுப்பினால் இன்றைக்கும் ரெக்வெஸ்ட் பாடியை எடுத்து நாமே ஜேசன் லோட்ஸ் போட வேண்டும், தவறான ஜேசன் வந்தால் 400 அனுப்புவதும் நம் பொறுப்பு. ரெக்வெஸ்ட் போஸ்ட் என்பது படிவத் தகவலை மட்டும்தான் புரிந்துகொள்ளும். புட் முறையில் படிவம் வந்தால் அதுவும் காலியாகவே இருக்கும். உள்ளடக்க வகையைப் பார்த்துத் தானே பிரித்துத் தரும் ஒரு "டேட்டா" வேண்டும், அவ்வளவுதான். பெயரும் குழப்பம்: ரெக்வெஸ்ட் கெட் என்பது கெட் கோரிக்கையில் மட்டும் வருவது இல்லை, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் அதில்தான் வரும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

டைப் ஹின்ட்?

வேண்டும். பைத்தானுக்கு டைப் குறிப்பு (எது எந்த வகை மதிப்பு என்று நிரலிலேயே எழுதுவது) வந்து 2015இலிருந்து கணக்கு ஓடுகிறது, ஜாங்கோவின் சொந்த நிரலில் இன்னும் இல்லை. ஜாங்கோ-ஸ்டப்ஸ் என்ற வெளித் தொகுப்பு இந்த இடத்தை நிரப்புகிறது, பெரிய உழைப்பு அது. ஆனால் மாடல், குவெரிசெட் எல்லாம் ஓடும்போது உருவாகிற விதத்தால் டைப் சரிபார்க்கும் கருவியான மைபைக்குத் தனி ப்ளகின் தேவைப்படுகிறது, புதிய ஜாங்கோ வரும்போதெல்லாம் அவர்கள் பின்னாலேயே ஓடிவர வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் எழுதச் சொல்லவில்லை. கோரிக்கை, பதில், யூஆர்எல், செட்டிங்ஸ் போன்ற எளிய வெளிமுகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். ஓஆர்எம் கடைசியில் வரட்டும்.

மைக்ரேஷனில் என்ன மாற்றம் கேட்கிறீர்கள்?

தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேபிளை மாற்றுவதற்கான பாதுகாப்பு. மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டும்போதே "இது பெரிய டேபிளைப் பூட்டும்", "இந்த நெடுவரிசையின் பெயரை மாற்றினால் இன்னும் ஓடும் பழைய நிரல் விழும்" என்று எச்சரித்தால் போதும். போஸ்ட்கிரெஸ்ஸில் பூட்டாமல் இண்டெக்ஸ் போடும் வழி 3.0இலிருந்து இருக்கிறது, ஆனால் தேடிப் போய் எழுதுபவர்களுக்குத்தான் கிடைக்கிறது. 5.0இல் வந்த டிபி டிஃபால்ட் (இயல்பு மதிப்பை டேட்டாபேஸிலேயே வைப்பது) ஒரு நல்ல உதாரணம். அதற்கு முன்னால் காலியாக இருக்கக்கூடாத புது நெடுவரிசையைச் சேர்த்தால், ஜாங்கோ பழைய வரிகளை நிரப்பிவிட்டு டேட்டாபேஸிலிருந்து அந்த இயல்பு மதிப்பை எடுத்துவிடும். நிரல் மாறும் அந்த இரண்டு நிமிடத்தில் பழைய சர்வர் புதுவரி எழுத வந்தால் பிழை. இப்போது அந்த மதிப்பை டேட்டாபேஸிலேயே வைத்துக்கொள்ளலாம். அதே அக்கறையை மற்ற மாற்றங்களுக்கும் காட்ட வேண்டும்.

அட்மினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்கிறார்களே?

கூடாது. ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தி நிறுவனத்தில், கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் வலைக்குழுவில். நிரல் தெரியாத செய்தியாளர்கள் உட்கார்ந்து செய்தி ஏற்ற வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது அட்மின். இன்றுவரை அந்தப் பலத்தை வைத்துத்தான் பலர் ஜாங்கோவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் எலும்புக்கூடு நன்றாகவே இருக்கிறது.

பெரிய டேபிளில்தான் மூச்சு வாங்குகிறது. ஃபாரின் கீ கட்டத்துக்கு இயல்பாக வருவது எல்லா வரிகளையும் ஏற்றிய கீழிறங்கு பட்டியல். எதிர்ப்பக்க டேபிளில் இரண்டு லட்சம் வரி இருந்தால் திருத்தும் பக்கம் திறக்கவே திறக்காது. தட்டச்சு செய்யச் செய்யத் தேடும் ஆட்டோகம்ப்ளீட் 2.0இலிருந்து இருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் நாமே எழுதி இயக்க வேண்டும். வரிகள் ஒரு அளவைத் தாண்டினால் தானே அதற்கு மாறினால் என்ன? பட்டியல் பக்கத்தில் மொத்த எண்ணிக்கை கேட்கும் குவெரியும் இப்படித்தான், கோடி வரி உள்ள டேபிளில் அது மட்டுமே பல வினாடி எடுத்துக்கொள்ளும். எண்ணாமல் "அடுத்தது, முந்தையது" என்று மட்டும் காட்டும் பக்கப் பிரிப்பு உள்ளேயே வந்தால் நன்றாக இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் கட்டும் கருவியையும் சேர்க்கச் சொல்வீர்களா?

மாட்டேன். அந்தப் பக்கம் கருவிகள் மாறும் வேகத்துக்கு எட்டு மாதப் பதிப்பால் ஈடுகொடுக்க முடியாது.

இதையெல்லாம் தனித் தொகுப்பாக எழுதினால் போதாதா? ஏன் ஜாங்கோவுக்குள்ளேயே கேட்கிறீர்கள்?

நல்ல கேள்வி, பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். வெளியே பிறந்து பக்குவப்பட்டு உள்ளே வந்தவைதான் நன்றாக நிலைத்திருக்கின்றன. ஆண்ட்ரூ காட்வின் எழுதிய சவுத் என்ற தொகுப்பில் பல வருடம் கற்ற பாடம்தான் 2014இல் 1.7இன் மைக்ரேஷன் ஆனது. 6.0இன் பார்ஷியலும் முதலில் வெளித் தொகுப்பாக இருந்ததுதான். உலாவியில் எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் சிஎஸ்பி வசதிக்கும் வருடக்கணக்காக ஒரு தனித் தொகுப்புதான் கதி, அதுவும் 6.0இல் உள்ளே வந்துவிட்டது.

ஆனால் ஏசிங்க் டிரான்சாக்ஷனை வெளியிலிருந்து ஒட்டவைக்க முடியாது. டெம்ப்ளேட்டின் மௌனத்தை மாற்றுவதும், ஸ்டார்ட்ப்ராஜெக்ட் என்ன தருகிறது என்பதும் அப்படியே. நான் உள்ளே கேட்பவை பெரும்பாலும் இந்த வகைதான்.

பேசாமல் ஃபாஸ்ட்ஏபிஐக்கு மாறிவிடலாமே?

ஏபிஐ மட்டும் போதும் என்றால் மாறுங்கள், நல்ல கருவி. உள்நுழைவு, அட்மின், படிவம், மைக்ரேஷன், சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கை) பாதுகாப்பு எல்லாம் வேண்டும் என்றால் அங்கே ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்து முடித்த பிறகு அந்தத் தையலைப் பராமரிப்பதும் நீங்கள்தான்.

புதிது சேர்த்தால் பழைய நிரல் உடையாதா?

ஜாங்கோவை நான் நம்புவதற்கு முக்கியக் காரணமே இதுதான். எதையாவது நீக்குவதென்றால் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் நீக்குவார்கள். சோதனைகளை ஓட்டும்போது பைத்தானின் எச்சரிக்கைகளைக் காட்டும்படி வைத்துக்கொண்டு, வந்தவற்றை அன்றன்றே சரிசெய்தால் பதிப்பு மாறும் நாள் சாதாரண நாளாகப் போய்விடும். என் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் பழையதைத் தொடாமல் விருப்பத் தேர்வாகச் சேர்க்கலாம், புதிய ப்ராஜெக்டுக்கு மட்டும் இயல்புநிலையாக வைக்கலாம்.

எனக்கும் ஒரு ஆசை இருக்கிறது. யாரிடம், எப்படிக் கேட்பது?

புதிய வசதிக்கான யோசனைகளை வாங்க கிட்ஹப்பில் ஜாங்கோவின் பெயரில் தனி இடம் வைத்திருக்கிறார்கள். பிழை என்றால் டிராக் என்ற பதிவுத் தளத்தில் டிக்கெட். யோசனையை எழுதும்போது "இந்த வசதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது அப்படியே கிடக்கும். உங்களுக்கு என்ன சிக்கல் வந்தது, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள், ஏன் தனித் தொகுப்பாகச் செய்ய முடியாது என்று மூன்றையும் எழுதுங்கள். முதலில் தேடிப் பாருங்கள், அதே ஆசையை ஐந்து வருடம் முன்பே ஒருவர் எழுதி அதற்குக் கீழே பாதி நிரலும் கிடக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பாதியை எடுத்து முடிப்பது புதிதாகக் கேட்பதைவிடப் பெரிய உதவி.

ஜாங்கோவின் உள்நிரலைத் தொடும் அளவுக்கு எனக்குத் தெரியாது. நான் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் ஆல்ஃபா, பீட்டா, அப்புறம் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு என்று மூன்று படி வரும். ஆல்ஃபா வந்ததும் உங்கள் ப்ராஜெக்டில் தனிக் கிளை ஒன்று போட்டு, அதில் புதிய ஜாங்கோவை நிறுவி, உங்கள் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். எது விழுகிறதோ அதைச் சின்ன உதாரணமாகச் சுருக்கி டிக்கெட் போடுங்கள். பீட்டாவுக்குப் பிறகு கண்டுபிடித்தால் திருத்த நேரம் குறைவு, வெளியான பிறகு கண்டுபிடித்தால் அடுத்த சின்னப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். ஆல்ஃபாவில் ஒருமுறை நான் சொன்ன டிக்கெட் நாலு வரி நிரலும் ஒரு பிழைச் செய்தியும்தான், இரண்டே நாளில் திருத்தம் சேர்ந்தது.